உலக கைடுகள் வந்த காலைப்பொழுது: வாசகர் கேள்விகள், ராயபுரத்து வழிகாட்டியின் பதில்கள்

சுற்றுலா வழிகாட்டிகளின் சர்வதேச மாநாடு பற்றிப் போன இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வடசென்னையிலிருந்து வந்தவை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நானும் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள், அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வெளிநாட்டு விருந்தினர்களுக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஊரைக் காட்டிச் சொல்வது என் பிழைப்பு. கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன். கேட்டவர்களின் பெயர் வேண்டாம் என்று ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கல்லூரி மாணவி, வியாசர்பாடி
ஊர் சுற்றிக் காட்டுகிறவர்கள் எல்லாரும் ஒன்றுகூடி என்ன அக்கா பேசுவீர்கள்? உங்களை யாராவது ஊர் சுற்றிக் காட்டுவார்களா?

காட்டுவார்கள் தங்கச்சி. மாநாட்டுக்கு வருகிறவர்கள் ஆவலாகக் காத்திருப்பதே அதற்குத்தான்.

முதலில் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். 1985-ல் இஸ்ரேலில் பல நாட்டு கைடுகள் முதன்முறையாகக் கூடினார்கள். அடுத்த கூட்டம் 1987-ல் வியன்னாவில். அங்கேதான் சுற்றுலா வழிகாட்டிச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு முறைப்படி பதிவானது. லாப நோக்கம் இல்லாத அமைப்பு. அதற்கப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு நாட்டில் மாநாடு. 2009-ல் பாலி, 2011-ல் எஸ்தோனியாவின் டாலின், 2013-ல் மக்காவ், 2015-ல் பிராக், 2017-ல் டெஹ்ரான், 2019-ல் ஜார்ஜியா நாட்டின் திபிலிசி. பிறகு கொரோனா வந்து வரிசையைக் கலைத்தது.

பொதுக்குழு, தேர்தல், கருத்தரங்கம் எல்லாம் உண்டு. ஆனால் டீ நேரத்தில் கூடப் பேச்சு தொழிலைச் சுற்றியே ஓடும். சக்கர நாற்காலியில் வருபவருக்குப் படிக்கட்டுள்ள கோட்டையை எப்படிக் காட்டுவது, கண் தெரியாதவர் கையில் எதைத் தொடக் கொடுப்பது, நாள் முழுக்கப் பேசினாலும் தொண்டை கட்டாமல் இருக்க மூச்சை எங்கிருந்து எடுப்பது, உரிமம் இல்லாதவர்கள் கூட்டம் சேர்த்துக்கொண்டு போவதை எப்படித் தடுப்பது என்றெல்லாம் பேசுவார்கள். மதியத்துக்கு மேல் அந்த ஊர் கைடுகள் வந்தவர்களை அழைத்துப்போவார்கள். அதைவிடக் கஷ்டமான பரீட்சை எங்கள் தொழிலில் கிடையாது.

அந்தப் பரீட்சையை நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன். மாநாடுகளில் பழகிச் சிநேகிதமான கைடுகள் சிலர், சில ஆண்டுகளுக்கு முன் சொந்தச் செலவில் தென்னிந்தியா பார்க்க வந்தார்கள். ஏஜென்சி போட்ட திட்டத்தில் மயிலாப்பூர், சாந்தோம், மெரினா, மறுநாள் மாமல்லபுரம் என்று இருந்தது. "ஒரு காலைப்பொழுதை எனக்கு விடுங்கள், என் பேட்டையைக் காட்டுகிறேன்" என்று கேட்டு வாங்கினேன்.

ஏழு மணிக்கு ராயபுரம் ஸ்டேஷன் வாசல். மற்ற விருந்தினர்கள் வந்தவுடன் கட்டடத்தைப் பார்ப்பார்கள். இவர்கள் முதலில் என்னைப் பார்த்தார்கள். நான் எங்கே நிற்கிறேன், அவர்களை எங்கே நிற்க வைக்கிறேன் என்று கவனித்தார்கள். வெயில் என் முகத்தில் விழலாம், விருந்தினர் கண்ணில் விழக்கூடாது. கடைசி ஆள் வந்து சேரும் வரை பேச ஆரம்பிக்கக்கூடாது. லாரி ஹாரன் அடிக்கும்போது அதற்கு மேல் கத்தக்கூடாது, நிறுத்திவிட்டு அது போனதும் அதே வாக்கியத்தைத் தொடர வேண்டும். இதெல்லாம் நான் சொல்லாமலே அவர்களுக்குத் தெரியும். நிழலுக்கு நகர்த்தியபோது இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். எடின்பரோவிலிருந்து வந்த அம்மா ஒவ்வொரு தடவை ரோடு கடக்கும்போதும் வாய்க்குள்ளேயே தலை எண்ணினார். பழக்கம் விடவில்லை, விடவும் கூடாது.

ஒன்பது மணிக்கு மேல் ஆர்மேனியன் தெரு. நம் ஆட்கள் அரண்மனைக்காரன் தெரு என்பார்கள். பாரிமுனை இரைச்சலில் நடந்து அங்கிருக்கும் ஆர்மேனியச் சர்ச் கதவுக்குள் காலை வைத்தால் சட்டென்று சத்தம் அடங்கிவிடும். 1712-ல் கட்டி 1772-ல் திரும்பக் கட்டப்பட்டது. தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு மணிகள். முற்றத்திலும் தாழ்வாரத்திலும் கல்லறைகள். அவற்றில் ஒன்று பாதிரியார் ஹருத்யூன் ஷ்மவோனியன் உடையது. ஈரானின் ஷிராஸ் நகரத்திலிருந்து மதராஸுக்கு வந்தவர். உலகத்திலேயே முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794-ல் இந்த மதராஸில் அவர் கையால்தான் வெளிவந்தது. ஆர்மேனியாவில் கூட அதற்கு முன் பத்திரிகை கிடையாது.

வந்தவர்களில் ஒருவர் ஆர்மேனியத் தலைநகர் யெரெவானில் கைடாக இருப்பவர். அந்தக் கல்லறையைப் பார்த்ததும் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்தார். விரலை எழுத்தின் மேல் ஓட்டிக்கொண்டே வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தார். நான் சொல்ல வந்ததை நிறுத்திக்கொண்டு ஓரமாக நகர்ந்தேன். மற்றவர்கள் தாங்களாகவே அவரைச் சுற்றி வட்டமாக நின்றுகொண்டார்கள். அவர் வாசித்தார், அப்புறம் ஆங்கிலத்தில் சொன்னார், கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அதுவரைக்கும் அந்த இடத்துக்கு அவர்தான் கைடு. இடத்தை விட்டுக்கொடுக்கத் தெரிவதும் எங்கள் வேலையில் சேர்த்தி என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாநாடு மாநாடாகச் சேர்ந்து கற்றுக்கொள்வது இந்த மாதிரி விஷயங்களைத்தான் தங்கச்சி.

ஆட்டோ ஓட்டுநர், தண்டையார்பேட்டை
பல வருஷமா ஆட்டோ ஓட்டுறேம்மா. வெள்ளக்காரங்கள ஏத்தினு ஜார்ஜ் டவுன் பூரா காட்டிக்கிறேன். அப்போ நானும் கைடு தானே?

அண்ணே, தெருவைப் பொறுத்தவரை உங்களுக்குத் தெரிந்ததில் பாதி எனக்குத் தெரியாது. எந்தச் சந்தில் எத்தனை மணிக்கு மூட்டை வண்டி அடைக்கும் என்பதை ஆட்டோக்காரர்களைக் கேட்டுத்தான் நான் இன்றைக்கும் ரூட் போடுகிறேன். ஆனால் கைடு என்பது தனித் தொழில். ஐரோப்பியத் தரநிர்ணயக் குழு 2003-ல் இதற்கு ஒரு வரையறை கொடுத்தது, உலகக் கூட்டமைப்பும் அதையே எடுத்துக்கொண்டது. விருந்தினர் கேட்கும் மொழியில் வழிநடத்த வேண்டும், ஒரு பகுதியின் பண்பாட்டையும் இயற்கையையும் விளக்கிச் சொல்ல வேண்டும், அந்தப் பகுதிக்கென்றே உரிய அமைப்பு தரும் தகுதி பெற்றிருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் வழிகாட்டி.

இதில் 'அந்தப் பகுதிக்கென்றே' என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். லண்டனுக்குப் பயிற்சி பெற்றவர் ஸ்காட்லாந்துக்குத் தானாகக் கைடு ஆகிவிட முடியாது, அங்கே தனிப் பயிற்சி, தனி பேட்ஜ். ஐரோப்பாவில் 2008-ல் வந்த பயிற்சித் தரத்தின்படி குறைந்தது 600 மணி நேரப் பாடம், அதில் 40 சதவீதம் வகுப்புக்கு வெளியே நடந்தும் பேசியும் கற்பது. நம் நாட்டிலும் கோட்டை மியூசியம், மாமல்லபுரம் போல மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள இடங்களில் உரிமம் இல்லாமல் கைடு வேலை பார்க்கக்கூடாது.

மத்தியச் சுற்றுலா அமைச்சகம் ஆன்லைனிலேயே நடத்தும் வழிகாட்டிச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. அடிப்படை, மேல்நிலை, மொழி என்று பிரிவுகள். வண்டி ஓட்டிக்கொண்டே ராத்திரியில் படிக்கலாம். வயது, படிப்புத் தகுதி அவ்வப்போது மாறும், அறிவிப்பு வரும்போது பாருங்கள். உங்களைப் போன்றவர்கள் முறையாகப் படித்து வெளியே வந்தால் வடசென்னைக்கு எவ்வளவு பலம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவொற்றியூர்
கோயில்களில் தலபுராணம் சொல்லும்போது, "இது நிஜமா?" என்று வெளிநாட்டவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

ஐயா, உலகக் கூட்டமைப்பின் நடத்தை விதிகளில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. உண்மையை உண்மை என்றும், கதை, ஐதீகம், சொந்தக் கருத்து ஆகியவற்றை அப்படியே இன்னதென்றும் பிரித்துச் சொல்ல வேண்டும். விருந்தினர் எதையும் குழப்பிக்கொண்டு ஊருக்குப் போகக்கூடாது. நான் அந்த விதியைப் படிப்பதற்கு முன்பே எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் இதையேதான் சொன்னார்.

தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் கோயிலை எடுத்துக்கொள்வோம். 1677-ல் சத்ரபதி சிவாஜி தெற்கே படையெடுத்து வந்ததும், செஞ்சியைப் பிடித்ததும், இங்கே ஜார்ஜ் கோட்டையிலிருந்த ஆங்கிலேயர்கள் கலங்கிப்போனதும் வரலாறு. அதே ஆண்டு அக்டோபர் 3-ம் தேதி அவர் காளிகாம்பாளைக் கும்பிட்டுப் போனார் என்பது கோயில் வழிவழியாகச் சொல்லும் செய்தி. இரண்டையும் சொல்வேன். இரண்டும் வெவ்வேறு குரலில் வரும். விருந்தினர்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே புரிகிறது, இரண்டையும் ரசிக்கிறார்கள்.

உங்கள் திருவொற்றியூரிலும் அப்படித்தான். சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்ததையும், மீறிப் போனதும் பார்வை போனதையும் சேக்கிழார் பாடிய வழியில் அப்படியே சொல்வேன். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் ஆதிபுரீஸ்வரருக்குக் கவசம் திறப்பதை நேரில் கண்டதாகச் சொல்வேன். தியாகராஜ சுவாமிகள் இந்த ஊருக்கு வந்து வடிவுடையம்மன் மேல் பாடினார் என்றால் அது பாட்டாகவே கையில் இருக்கிறது. மதில் சுவர்க் கல்வெட்டுகளைக் காட்டும்போது மட்டும் நான் குரலைத் தாழ்த்திக்கொள்வேன், அவர்களே கிட்டப் போய்ப் பார்க்கட்டும் என்று.

வாசகர், அடையாறு
வடசென்னையில் சுற்றுலாப் பயணிக்குக் காட்ட என்ன இருக்கிறது? எண்ணூர்ப் புகையும் கொடுங்கையூர்க் குப்பையும்தானே?

இந்தக் கேள்வியை எனக்கு ஏஜென்சிகளும் கேட்டிருக்கின்றன. அதனால் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

சென்னைத் துறைமுகத்துக்குச் சொகுசுக் கப்பல் வருகிறது. கப்பலிலிருந்து இறங்கும் இடம் எது? ஜார்ஜ் டவுனுக்கும் ராயபுரத்துக்கும் அண்டை. இறங்கியதும் ஏசி பஸ் வரிசையாக நிற்கும். கதவு மூடி, வண்டி நேராகத் தெற்கே மாமல்லபுரத்துக்கோ மேற்கே காஞ்சிபுரத்துக்கோ போய், மாலையில் திரும்பி வந்து கப்பல் ஏற்றிவிடும். நம் பேட்டையை அவர்கள் பஸ் ஜன்னல் வழியாக மட்டும்தான் பார்க்கிறார்கள். மாமல்லபுரத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, நானே அங்கே எத்தனையோ பேரை அழைத்துப் போயிருக்கிறேன். ஆனால் வெயிலில் அவ்வளவு தூரம் போய்வர முடியாத வயசானவர்கள் கப்பலிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் பத்து நிமிஷத் தூரத்தில் இவ்வளவு இருக்கிறதே என்றுதான் என் ஆதங்கம்.

என்ன இருக்கிறது என்றால், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் புறப்பட்ட ஸ்டேஷன் ராயபுரத்தில் இன்றும் நிற்கிறது. இந்தத் துணைக்கண்டத்தில் இன்றைக்கும் எஞ்சியிருக்கும் ஸ்டேஷன் கட்டடங்களில் அதுதான் மிகப் பழையது. முதல் வண்டி ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடு வரை போனது. ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரத்தில் ராபின்சன் பூங்கா, 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம். தமிழ்நாட்டு அரசியல் தெரிந்துகொள்ள வரும் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே அரை மணி நேரம் கேள்வி கேட்பார்கள். 1910-ல் கட்டிய பார்சிகளின் அக்கினிக் கோயிலும் ராயபுரத்தில்தான், தமிழ்நாட்டில் அது ஒன்றுதான். பார்சிகள் அல்லாதவருக்கு உள்ளே அனுமதி இல்லை, வெளியே நின்று சொல்வேன். ஹைதர் அலிக்குப் பயந்து ஆங்கிலேயர் எழுப்பிய நகரச் சுவரில் மிச்சம் இருக்கும் துண்டு பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்கா. ஹைகோர்ட் சுற்றுச்சுவரில் 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் போட்ட குண்டைப் பற்றிய கல்வெட்டு.

பெரம்பூர்ப் பக்கம் போனால் இன்னொரு உலகம். பின்னி மில் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர், செல்வபதிச் செட்டியாரும் ராமாஞ்சலு நாயுடுவும் அதற்கு அடித்தளம் போட்டவர்கள். இந்தியாவின் முறையான தொழிற்சங்க வரலாறு அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. 1955-ல் தொடங்கிய ஐ.சி.எஃப். இன்னும் ரயில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. மான்செஸ்டரிலிருந்து வந்த ஒரு குடும்பம் பின்னி மில் கதையைக் கேட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டையே தள்ளிப்போட்டது. அவர்கள் தாத்தா ஜவுளி மில் தொழிலாளி.

சாயங்காலம் பர்மா பஜார் பின்னால் அத்தோ கடை. பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய நம் சனங்கள் கொண்டுவந்த சாப்பாடு. மஞ்சள் நூடுல்ஸை ஒரு கை அள்ளி, முட்டைகோஸ், வெங்காயம், நொறுக்கிய தட்டை, புளித்தண்ணி, பொரித்த பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் போட்டுக் கையாலேயே பிசைந்து தட்டில் வைப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். மிளகாய்த்தூளை மட்டும் பாதியாகப் போடச் சொல்லிவிடுங்கள்.

புகையும் குப்பையும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது இங்கே பையன்கள் பக்கெட்டால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடியும் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படிந்தது. கேட்கும் விருந்தினருக்கு அதையும் சொல்கிறேன். நகரம் முழுக்கப் பயன்படுத்தும் மின்சாரம், பெட்ரோல், துறைமுகச் சரக்கு ஆகியவற்றின் அழுக்கு எங்கள் பக்கம் வந்து சேருகிறது. அதைச் சுமப்பவர்களை இந்தப் புகையும் குப்பையும் வைத்து அடையாளம் சொல்வது எனக்கு வலிக்கிறது.

மீன் வியாபாரி, காசிமேடு
கருக்கல்ல ஏலத்துல நிக்கும்போது வந்து மூஞ்சிக்கு நேரா போட்டோ எடுக்குறாங்க. நாங்க என்ன பொருட்காட்சியா? கூட வர்ற கைடும் ஒண்ணும் கேக்குறதில்ல.

அக்கா, உங்கள் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம். அந்த கைடு கேட்டிருக்க வேண்டும். உள்ளூர்ப் பழக்கவழக்கத்துக்கும் மனசுக்கும் விருந்தினர்கள் மரியாதை கொடுக்கும்படி பார்த்துக்கொள்வது கைடின் கடமை என்று எங்கள் உலக விதிகளிலேயே எழுதியிருக்கிறது.

நான் காசிமேட்டுக்கு அழைத்து வந்தால் நாலைந்து பேருக்கு மேல் கூட்டி வருவதில்லை. ஏலம் சூடாக நடக்கும் நேரத்தில் உள்ளே விடுவதில்லை. ஐஸ் உடைக்கும் இடத்திலும் கூடை தூக்கி ஓடுகிறவர்கள் வழியிலும் நிற்கக்கூடாது. போன் பைக்குள் இருக்கும். யாரிடம் பேச வேண்டுமோ அவர்களிடம் நான் முதலில் போய்க் கேட்பேன். வலை தைக்கும் பெரியவர் ஒருவர் சரி என்றால், விருந்தினர்கள் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து கொள்வார்கள். கண்ணி எப்படிப் போடுவது என்று அவர் காட்டுவார், இவர்கள் போட்டுப் பார்ப்பார்கள், அவர் அதைப் பிரித்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்வார். போட்டோ வேண்டுமென்றால் அதற்கப்புறம் அவரைக் கேட்டுத்தான்.

ஒரு ஏஜென்சி என்னிடம், "குடிசைப் பகுதி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், வெளிநாட்டில் அதற்கு நல்ல கிராக்கி" என்றது. முடியாது என்று சொன்னேன். அந்தச் சீசனுக்கு அங்கிருந்து வேலை வரவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதே பதில்தான். வறுமையை டிக்கெட் போட்டுக் காட்டும் வேலையை நான் செய்ய மாட்டேன். அடுத்த முறை யாராவது அப்படி எடுத்தால், கூட வந்த கைடின் அடையாள அட்டையைக் கேளுங்கள் அக்கா. கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

குடும்பத் தலைவி, ஓட்டேரி
என் பெண் பி.ஏ. வரலாறு முடித்திருக்கிறாள். கைடு ஆக வேண்டும் என்கிறாள். அவள் அப்பா வேண்டாம் என்கிறார். பொம்பளைப் பிள்ளைக்கு இது சரிப்படுமா? சம்பளம் வருமா?

சரிப்படும் அம்மா. பல நாடுகளில் இந்தத் தொழிலில் பெண்கள்தான் அதிகம். பெண்களாக வரும் விருந்தினர்கள் பெண் கைடைக் கேட்டு வாங்குகிறார்கள். ஆரம்பத்தில் பகல் நேர வேலை, கூட்டமாக வரும் குரூப் என்று வைத்துக்கொள்ளட்டும். எந்த ஹோட்டலில் யாரை எத்தனை மணிக்குச் சந்திக்கிறாள், டிரைவர் யார், எப்போது முடியும் என்று வீட்டில் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போகட்டும். நான் இன்றைக்கும் அப்படித்தான். விருந்தினர் ஓட்டல் அறைக்குப் போய் அழைத்து வரும் வேலை கிடையாது, லாபியில் மட்டும்தான்.

பணம் என்று கேட்டால், இது மாதச் சம்பளம் இல்லை. அரை நாள், முழு நாள் என்று கூலி. அக்டோபரிலிருந்து மார்ச் வரை சீசன், மே மாதம் வீட்டில் உட்கார வேண்டியிருக்கும். கொரோனாவில் எங்களில் பலர் நகையை அடகு வைத்தோம். சில ஏஜென்சிகள் பணம் தர இழுத்தடிக்கும், அதனால் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். கடைக்காரர்கள் தரும் கமிஷனில் கை வைக்க வேண்டாம். அதை நம்பி இறங்கினால் நாளடைவில் சிலை பார்க்க வேண்டிய நேரமெல்லாம் கம்பளக் கடையில் போய்விடும்.

ஒரு வெளிநாட்டு மொழி கட்டாயம். ஜெர்மன் என்றால் மாக்ஸ் முல்லர் பவன், பிரெஞ்சு என்றால் கல்லூரிச் சாலை அலையான்ஸ் ஃப்ரான்சேஸ், இரண்டும் நுங்கம்பாக்கத்தில். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறோம். அவள் அப்பாவையும் ஒருநாள் என் நடையில் கூட வரச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன், பெரம்பூர்
எல்லாமே போனில் இருக்கும்போது கைடு எதற்கு மேடம்?

கண்ணா, 1856 என்ற வருஷம் போனில் இருக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் உன் முகம் வாடியதைப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்குத் தண்ணி வேணும், இந்தக் கதையைச் சுருக்கிக்குவோம்" என்று முடிவெடுப்பது நான்தான். விருந்தினர் ஜப்பானிலிருந்து வந்தால் ரயிலைப் பற்றி இன்னும் கொஞ்சம் நீட்டுவேன், இத்தாலியிலிருந்து வந்தால் சாப்பாட்டுப் பக்கம் திருப்புவேன். ராயபுரத்தில் எந்த வீட்டுப் பாட்டி கப்பல் கூலிக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டவர் என்று எனக்குத் தெரியும், அவர் இஷ்டப்பட்டால் விருந்தினரிடம் பேசவும் வைப்பேன். நீ முதலில் உன் தெருவில் வயசான ஒருவரிடம் போய் ஐ.சி.எஃப். பற்றிக் கேட்டு எழுதி அனுப்பு. நல்லா இருந்தால் இந்தப் பக்கத்தில் போடச் சொல்கிறேன்.

வாசகி, கல்மண்டபம்
ஸ்டேஷனைத் தாண்டித்தான் தினமும் போகிறோம். அதன் கதை எங்களுக்கே தெரியாது. வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் காட்டுவீர்களா?

உங்களுக்குக் காட்டாமல் வேறு யாருக்கு? ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி 21 உலகச் சுற்றுலா வழிகாட்டிகள் தினம். 1990-லிருந்து கொண்டாடுகிறார்கள். அன்றைக்குப் பல நாடுகளில் கைடுகள் கட்டணம் வாங்காமல் சொந்த ஊர்க்காரர்களை அழைத்துப்போய்ச் சொந்த ஊரையே காட்டுவார்கள். நானும் அன்று காலை ஆறரை மணிக்கு ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் நிற்பேன். தமிழில்தான் பேசுவேன். ஸ்டேஷன், பார்சி கோயில் வெளிப்புறம், ராபின்சன் பூங்கா என்று மெதுவாக நடந்து கல்மண்டபத்தில் உங்கள் வீட்டுப் பக்கமே முடித்துக்கொள்ளலாம். எட்டரைக்குள் முடிந்துவிடும், பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகலாம். நடக்க முடியாதவர்கள் இருந்தால் முன்கூட்டியே பத்திரிகைக்கு ஒரு கடிதம் போடுங்கள், தண்டையார்பேட்டை ஆட்டோ அண்ணனைக் கேட்டு வைக்கிறேன். தண்ணீர் பாட்டிலும் தலைக்கு ஒரு துண்டும் எடுத்து வாருங்கள்.